பூங்காக் குளத்தில் விட்டுவிடலாமா? ஆமை வளர்க்கும் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, தென்சென்னையில் வயதான தாயாருடனும் மகன் குடும்பத்துடனும் வசிக்கும் வாசகி ஒருவரின் கடிதம் இந்த முறை என் முன்னே இருக்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் சொல்கிறேன்.

அவர் வீட்டருகே மாநகராட்சிப் பூங்கா ஒன்றும், அதன் நடுவில் அல்லி பூக்கும் சிறிய குளமும் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடைப்பயிற்சியின்போது, குளத்து நடுப்பாறையில் ஓர் ஆமை வெயில் காய்வதை அவர் முதன்முதலாகப் பார்த்திருக்கிறார். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை எண்ணியபோது 11 இருந்தன. பெரும்பாலானவற்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தைத் தீற்றியதுபோல் சிவப்புக் கோடு. பூங்காவுக்கு வருவோர் அவற்றுக்குப் பொரியும் ரொட்டித் துண்டும் போடுகிறார்கள். கார்த்திகை மழைக்குப் பின் ஒரு நாள், தோல் போர்த்தியதுபோல் வழவழப்பான ஓடும் நீண்ட கழுத்தும் கொண்ட வேறு மாதிரியான ஆமை ஒன்று நடைபாதையில் ஊர்ந்து வந்ததாகவும், காவலாளி அதைத் தூக்கிக் குளத்துக்குள் விட்டதாகவும் எழுதுகிறார். கோடையில் குளத்தைத் தூர்வாரும்போது எல்லா ஆமைகளையும் சாக்கில் கட்டிப் புறநகர் ஏரி ஒன்றில் விட்டுவிடலாம் என்று நடைப்பயிற்சியாளர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார் சங்கத்தின் மற்றோர் உறுப்பினர்.

கடிதத்தின் பிற்பகுதி அவருடைய சொந்த வீட்டைப் பற்றியது. 2020இல் அவருடைய கணவர், வாஸ்துவுக்கு நல்லது என்று மீன் தொட்டிக் கடைக்காரர் சொன்னதை நம்பி, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இரண்டு ஆமைக் குஞ்சுகளை வாங்கி வந்திருக்கிறார். மறு ஆண்டு மே மாதம் கொரோனாவில் கணவர் காலமானார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அன்று முதல் தாயார் சொல்லி வருகிறார். இப்போது இரண்டு ஆமைகளும் பிளாஸ்டிக் தொட்டியில் திரும்ப இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டன. ஒன்றின் கண் அடிக்கடி வீங்கி மூடிக்கொள்கிறது. "அவர் கையால் தீனி போட்ட உயிர்கள் என்பதால் தூக்கி எறிய மனம் வரவில்லை. பூங்காக் குளத்தில்தான் இவற்றின் இனம் இருக்கிறதே, அங்கே விட்டால் இவற்றுக்கு விடுதலையாக இருக்காதா?" என்று கேட்கிறார். இவ்வளவு காலம் வளர்த்தது குற்றமா, சங்கத்தின் திட்டம் சரியா, நான்கு வயதுப் பேரன் தொட்டி நீரில் கை விட்டு விளையாடுவது ஆபத்தா என்பன மற்றக் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

உங்கள் தாயாரின் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கும்வரை மற்ற எதைப் பற்றியும் உங்களால் அமைதியாக முடிவெடுக்க இயலாது. 2021 மே மாதத்தில் அந்த நோய் புகாத தெரு சென்னையில் இல்லை. உயிர்களை இழந்த அத்தனை வீடுகளிலும் ஆமையா இருந்தது? உங்கள் தாயார் தாங்க முடியாத துயரத்துக்கு ஒரு காரணத்தைத் தேடுகிறார். கண்ணெதிரே தொட்டியில் கிடக்கும் வாயில்லா உயிர் அவருக்குக் கிடைத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே சமயம், ஆமை செல்வத்தைக் கொண்டுவரும் என்று விற்ற கடைக்காரரின் சொல்லுக்கும் எந்த ஆதாரமும் இல்லை. அவர் சொல்ல வேண்டியிருந்ததெல்லாம், இந்தக் குஞ்சு ஓர் அடி நீளம்வரை வளரும், முப்பது ஆண்டுகள்கூட வாழும் என்பதைத்தான். அதைச் சொல்லியிருந்தால் உங்கள் கணவர் யோசித்திருப்பார்.

அவை எங்கிருந்து வந்தன

நீங்கள் விவரிக்கும் சிவப்புக் கோடு, அவை சிவப்புக் காது ஆமைகள் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அவற்றின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதை ஒட்டிய தென்பகுதிகளும் மெக்சிகோவின் வடகிழக்கு ஓரமும். பண்ணைகளில் லட்சக்கணக்கில் பொரிக்கப்பட்டு உலகெங்கும் செல்லப் பிராணியாக விற்கப்பட்டதால், சென்ற இடமெல்லாம் வளர்ப்போர் சலித்துப்போய்க் குளங்களில் விட்டதால், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இடம்பெற்றுள்ளது. சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பெட்டிகளுக்குள் ஆயிரக்கணக்கில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட இந்தக் குஞ்சுகளைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். பிடிபடாமல் வந்தவைதான் கடைகளின் கண்ணாடித் தொட்டிகளுக்குப் போகின்றன.

மூன்று ஆண்டுகளில் ஒன்று 11 ஆனதைப் பார்த்து, அவை குளத்திலேயே குட்டி போட்டுப் பெருகுகின்றன என்று நினைக்கிறீர்கள். ஆமை முட்டையிடும் உயிர். முட்டையிட அதற்கு நீருக்கு வெளியே தோண்டத்தக்க மண் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதுபோல் நான்கு புறமும் சிமெண்ட் சுவர் எழுப்பிய குளத்தில் அது எளிதன்று. நீங்கள் பார்த்தவை அநேகமாக எல்லாமே வளர்ந்த ஆமைகள் என்பதும் ஒரு தடயம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், உங்களைப் போலவே மனம் கேட்காமல், இருட்டிய பிறகு ஒரு பையில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். ஒன்றைப் பாறைமேல் பார்த்தவருக்கு, "இங்கே ஏற்கெனவே இருக்கிறதே" என்ற துணிவு வந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பதும் அதே எண்ணம்தான். 12ஆவதும் 13ஆவதும் உங்கள் வீட்டிலிருந்து போனால், அடுத்து வருபவருக்கு அந்தத் துணிவு இன்னும் எளிதாக வரும்.

குளம் விடுதலை ஆகுமா

ஆகாது என்பதே என் பதில். இரண்டு பக்கங்களிலிருந்து அதற்குக் காரணம் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் ஆமைகளின் பக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தீனி கையிலிருந்து விழுந்தே பழகியவை அவை. ஒன்றுக்குக் கண் நோய் இருக்கிறது. பார்வை மங்கிய ஆமை இரையைக் காணாது. மெலிந்து, நிமோனியா கண்டு, கரையோரத்தில் மிதந்து கிடக்கும். அப்படிக் கிடந்த நிலையில் பொதுமக்கள் எடுத்துவந்த ஆமைகளுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன், பிழைத்தவை குறைவு. நலமான மற்றொன்று பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பூங்காக் குளத்தில் அது பொரியையும் ரொட்டியையும் தின்று வளரும். அந்த உணவில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ சத்தும் போதிய அளவில் இல்லை. மிச்சம் குளத்தின் அடியில் அழுகி நீரையும் கெடுக்கும். நடைப்பயிற்சிக்கு வருவோரிடம் தீனி போட வேண்டாம் என்று நீங்கள் எடுத்துச் சொன்னால், குளத்துக்கு அதுவே பெரிய உதவி.

இரண்டாவது பக்கம், உங்கள் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் வந்து போய்விட்ட அந்த மற்றோர் ஆமையுடையது. எனக்கு அந்தக் கடிதத்தில் மிகவும் முக்கியமாகப் பட்டது அதுதான். தோல் போர்த்திய வழவழப்பான ஓடு, நீண்ட கழுத்து, நீங்கள் சொல்லியிருப்பதுபோல் குழாயாக நீண்ட மூக்கு ஆகியவை பாலாமையின் அடையாளங்கள். கையில் எடுத்தால் பின்னங்கால்களை உள்ளே இழுத்து, அடிவயிற்று ஓட்டிலுள்ள மடிப்புகளால் கதவுபோல் மூடிக்கொள்ளும். அது நம் ஊர் ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் வயல் வாய்க்கால்களுக்கும் உரிய இனம். நத்தை, தவளை, மீன், செத்த பிராணி, நீர்த்தாவரம் என்று எதையும் தின்று நீர்நிலையைத் துப்புரவாக வைக்கும். மழைக்காலத்தில் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியே நடந்து போகும் பழக்கம் அதற்கு உண்டு. உங்கள் நடைபாதையில் அது அப்படித்தான் வந்திருக்கும். சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிவிட்ட ஒரு பகுதியில் இன்னும் ஒரு பாலாமை நடமாடுகிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்த செய்தி.

அந்த நீர்நிலையில் ஏற்கெனவே இருப்பவற்றோடு சிவப்புக் காது ஆமை உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடும். பிரான்ஸில் ஆராய்ச்சியாளர்கள் உள்ளூர்க் குளத்து ஆமைகளையும் இவற்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வைத்துக் கவனித்தபோது, வெயில் காய ஏற்ற இடங்களை இவை பிடித்துக்கொண்டன. உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, அதிக எண்ணிக்கையில் இறந்தன. குளிர் இரத்தப் பிராணிக்கு வெயில் காய்வது பொழுதுபோக்கு அன்று. செரிமானமும் நோய் எதிர்ப்பும் அந்த வெப்பத்தை நம்பியே நடக்கின்றன. கடைத் தொட்டிகளில் நெருக்கமாக வைக்கப்பட்டு வந்த ஆமைகள் ஒட்டுண்ணிகளையும் நுண்ணுயிர்களையும் சுமந்து வரக்கூடும் என்பது இன்னொரு கவலை.

இது சென்னைக்கு மட்டும் வந்த தொல்லையும் அன்று. கேரளத்தின் திருச்சூரில் கால்வாயில் இந்த ஆமை காணப்பட்டபின், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களிடமிருந்து இவற்றைப் பெற்றுப் பராமரிக்க முன்வந்தது. குவாஹாட்டியில் உக்ரதாரா கோயில் குளத்தில் இவை இருப்பது பதிவாகியுள்ளது. அவையும் பக்தியோடு விடப்பட்டவையாக இருக்கலாம். ஆகவே, கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று சொன்ன அந்த நண்பரிடம், அந்தக் குளத்தில் ஏற்கெனவே வாழும் மீனுக்கும் தவளைக்கும் ஆமைக்கும் அதனால் வரும் கேட்டை மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நீங்கள் அஞ்சும் அளவுக்கு உங்கள் நிலை மோசமில்லை. ஆனால் சங்கத்தார் நினைப்பதுபோல் அவர்களுடைய திட்டம் எளிதானதும் இல்லை.

சிவப்புக் காது ஆமை நம் நாட்டு வனவிலங்கு அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் இனங்களின் பட்டியலில் அது இல்லை. உரிய அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது சுங்கச் சட்டப்படி கடத்தல். அந்தப் பொறுப்பு கொண்டுவந்தவரையும் தெரிந்தே விற்றவரையும் சார்ந்தது. கடையில் வாங்கி வளர்த்த நீங்கள் அதற்காகத் தூக்கம் இழக்க வேண்டாம். ஆனால் 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 62ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. வனவிலங்குகளுக்கோ அவற்றின் வாழிடத்துக்கோ கேடு விளைவிக்கும் ஊடுருவும் அயல் இனங்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் பெருகவிடுவதையும் ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அப்பிரிவு அதிகாரம் தருகிறது. எனவே வாங்கிய ரசீதோ பழைய புகைப்படமோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஜப்பானில் 2023 ஜூன் முதல் இதே ஆமையை விற்பதும் வெளியில் விடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர் தொடர்ந்து வளர்க்கலாம் என்று விதிவிலக்கும் தரப்பட்டுள்ளது. தடைக்கு அஞ்சி ஒரே நாளில் எல்லாரும் ஆற்றில் விட்டுவிடக் கூடாதே என்ற முன்யோசனை அது. நம் நாட்டிலும் விதி வருமானால் இப்படித்தான் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

வளர்த்த பிராணியை, பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் குற்றம். கண் தெரியாத ஆமையைக் குளத்தில் விடுவது அதற்குள் வந்துவிடக்கூடும்.

பாலாமையின் நிலையோ முற்றிலும் வேறு. அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்போடு இருக்கிறது. அதைப் பிடிப்பதும், பிடிக்க முயல்வதும்கூட, சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். காவலாளி நல்லெண்ணத்தோடு அதை நீரில் விட்டதை யாரும் குற்றமாக்க மாட்டார்கள். ஆனால் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோவது அப்படிப்பட்ட செயல் அன்று.

இதே அட்டவணையில் இப்போது நட்சத்திர ஆமையும் இருக்கிறது. யாராவது அதை அந்தக் குளத்தில் விட வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். அது தரையில் வாழும் ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. சிமெண்ட் சுவர் சூழ்ந்த குளத்தில் மூழ்கி இறந்துவிடும்.

தூர்வாரும் திட்டத்தைப் பற்றி

சங்கத்தாரின் கவலை நியாயமானது. குளத்தில் இவ்வளவு அயல் ஆமைகள் இருக்கக் கூடாது என்பதில் நானும் அவர்கள் பக்கம்தான். வழிமுறையில்தான் மூன்று தவறுகள் இருக்கின்றன.

புறநகர் ஏரிக்குக் கொண்டுபோவது, சுவருக்குள் அடங்கியிருக்கும் தொல்லையைத் திறந்த வெளிக்கு அனுப்புவதாகும். தென்சென்னைப் புறநகரின் பல ஏரிகளது உபரிநீர் வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேருகிறது. 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்த நிலத்தில் தோண்டத்தக்க கரையும் மிதமான நீரும் உண்டு. இந்தக் குளத்தில் பெருக முடியாத ஆமை அங்கே பெருகலாம். ஒரு பெண் ஆமை ஆண்டுக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் இருபது முட்டைகள்வரைகூட இடக்கூடியது.

இரண்டாவது, எந்த ஆமை எது என்று பிரித்தறியாமல் அள்ளுவது. சிவப்புக் கோடு இருந்தால் அயல் ஆமை, இல்லாவிட்டால் நம் ஆமை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வயது முதிர்ந்த ஆண் சிவப்புக் காது ஆமைகளின் உடல் கறுத்து, கோடு மங்கி மறைந்துவிடுவதுண்டு. நம் நாட்டிலேயே கறுப்பு ஆமை என்று ஓர் இனம் உண்டு. கெட்டியான கரிய ஓட்டில் முதுகு நெடுக மூன்று மேடுகள் ஓடும். இரண்டையும் பழக்கமில்லாதவர் குழப்பிக்கொள்வது இயல்பு.

மூன்றாவது தவறு உயிரைப் பறிக்கக்கூடியது. நீர் வற்றும் காலத்தில் பாலாமை சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழைவரை அசையாமல் கிடக்கும். ஏரி காய்ந்து வெடித்தபின்னும் அது மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். ஆகவே கோடையில் நீரை இறைத்துவிட்டுப் பொக்லைன் இயந்திரத்தை இறக்கினால், மேலே ஓர் ஆமையும் தெரியாத சேற்றுக்குள் பற்சக்கரம்போல் அதன் கரண்டி பாயும். பழைய குளங்களைத் தூர்வாரிய இடங்களில் மண் லாரியில் ஓடு உடைந்த ஆமைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை உங்கள் பூங்காவில் யாரும் பார்க்க நேரக் கூடாது.

எனவே சங்கத்தின் பெயரில் மாநகராட்சியின் பூங்காப் பிரிவுக்கும் சென்னை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கும் எழுத்து மூலமாக ஒரு மனு கொடுங்கள். அதில், குளத்தில் அயல் ஆமைகளும் பாதுகாக்கப்பட்ட உள்நாட்டு ஆமை ஒன்றும் இருப்பதாகப் புகைப்படத்துடன் தெரிவித்து, தூர்வாருவதற்கு முன் வனத்துறை ஊழியர் முன்னிலையில் ஆமைகளை இனம் பிரித்து எடுக்க வேண்டும் என்றும், சேற்றை முதலில் ஆட்களைக் கொண்டு கையால் தேட வேண்டும் என்றும் கேளுங்கள். பிரித்தெடுத்த அயல் ஆமைகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நம் மாநிலத்தில் இன்னும் நல்ல விடை இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. உயிரியல் பூங்காக்களிலும் மீட்பு மையங்களிலும் இடம் குறைவு. சில நாடுகளில் வலியின்றி உயிர் நீக்கிவிடுகிறார்கள். மருத்துவனாக அதை நான் கடைசி வழியாகவே கருதுகிறேன். கரை உயர்த்திய, வெளியேற வழியில்லாத ஒரு தனித் தொட்டியில், ஆணையும் பெண்ணையும் பிரித்து, பூங்காவிலேயே பராமரிப்பதும், "வீட்டு ஆமைகளை இங்கே விடாதீர்" என்று பெரிய பலகை வைப்பதும் நடைமுறைக்கு ஏற்றவை.

வீட்டிலிருக்கும் இரண்டும்

உங்கள் முன் உள்ள வழிகள் இரண்டே: முறையாக வளர்ப்பது, அல்லது முறையாக ஒப்படைப்பது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் கண் வீங்கிய ஆமையை இந்த வாரமே ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் காட்டலாம். கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளரும் ஆமைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாட்டால் இப்படிக் கண் வீங்குவது, நான் வாரந்தோறும் பார்க்கும் நோய். அழுக்கு நீர் அதை மோசமாக்கும். யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் மருந்தை நீங்களே கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும்.

தொடர்ந்து வளர்ப்பதானால் பிளாஸ்டிக் தொட்டியை விட்டுவிட்டு, மொட்டை மாடியிலோ கொல்லையிலோ ஒரு சிமெண்ட் தொட்டி கட்டுங்கள். ஆமை தடையின்றித் திரும்பி நீந்தும் அளவுக்கு அகலமும், ஓட்டு நீளத்தைப் போல் இரு மடங்காவது நீர் ஆழமும், ஏறி உட்கார ஒரு கல்லும் வேண்டும். காலை வெயில் நேரடியாகப் படட்டும். கண்ணாடி வழியே வரும் வெயில் எலும்புக்கும் ஓட்டுக்கும் தேவையான புற ஊதாக் கதிரைத் தராது. சித்திரை, வைகாசியில் பாதித் தொட்டிக்காவது பந்தல் நிழல் இல்லையென்றால் அவை வெந்துபோகும். வளர்ந்த ஆமைக்குக் கீரைகளும் நீர்த்தாவரங்களும் முக்கிய உணவாகட்டும்; முள்ளோடு சிறு மீன் வாரத்துக்கு ஓரிரு முறை போதும்; சோறும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டில் ஆண் எது, பெண் எது என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னங்கால் நகங்கள் நீண்டு, உடல் சிறியதாக இருப்பது பெரும்பாலும் ஆண். பெண் ஆமை ஆண் துணையின்றியும் கருவற்ற முட்டைகளைச் சுமக்கும்; இட மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். தொட்டியின் ஓரத்தில் ஈர மணல் நிரப்பிய ஒரு பெட்டி அதற்குப் போதும். இட்ட முட்டைகளைக் குஞ்சு பொரிக்க விடாதீர்கள். அன்றைக்கே எடுத்து அகற்றிவிடுங்கள்.

இவ்வளவும் உங்களால் இயலாது என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஆமைகள் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல்கூட இருக்கக்கூடும். அவற்றுக்குப் பின்னால் யார் என்று உங்கள் மகனோடு இப்போதே பேச வேண்டிய வயதில் நீங்கள் இருக்கிறீர்கள். இடமும் மனமும் உள்ள உறவினருக்கோ தெரிந்தவருக்கோ, வெளியில் விடமாட்டேன் என்ற உறுதிமொழியோடு கொடுக்கலாம். அதுவும் வாய்க்காவிட்டால் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விவரம் சொல்லி, அவர்கள் காட்டும் இடத்தில் ஒப்படையுங்கள். மீன் தொட்டிக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மறுபடியும் யாரோ ஒருவரின் வாஸ்துவுக்கு விற்கப்படும்.

உங்கள் கணவர் தீனி போட்ட உயிர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நினைவுக்கு மாடித் தொட்டி ஒன்றும் கண் மருத்துவமும் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனாலும் நல்ல இடத்தில் ஒப்படைப்பதும் அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

பேரனும் தாயாரும்

ஆமைகள் பார்வைக்கு நலமாக இருக்கும்போதே சால்மொனெல்லா என்ற நுண்ணுயிரைக் குடலில் சுமந்து, எச்சத்தின் வழியே அவ்வப்போது வெளியேற்றும். சோதனையில் ஒருமுறை இல்லையென்று வந்தாலும் அடுத்த வாரம் இருக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சில நேரங்களில் இரத்தத்தில் நஞ்சு பரவுதல் என்று இந்நோய் முற்றுவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும் முதியோரிடமும்தான். உங்கள் வீட்டில் இருவருமே இருக்கிறார்கள். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்ததற்குக் காரணம், குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோயுற்றதுதான்.

பேரனுக்கு ஐந்து வயது நிறையும்வரை ஆமையையும் தொட்டி நீரையும் தொடவிடாதீர்கள். தொலைவில் நின்று பார்க்கட்டும். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியிலோ முகம் கழுவும் இடத்திலோ ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். தொட்டியைக் கழுவும் துடைப்பமும் வாளியும் தனியாக இருக்கட்டும். கழுவியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், வீட்டில் ஆமை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால் நோய் தாமதமாகத்தான் பிடிபடுகிறது.

உங்கள் தாயாரிடம் ஆமையால் கேடு எதுவும் வராது என்று வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். தொட்டி மாடிக்குப் போனால் அவர் கண்ணில் அது நாள்தோறும் படாது; அதுவே பாதி அமைதியைத் தரும்.

தூர்வாரும் வேலை பெரும்பாலும் சித்திரையில் தொடங்கிவிடும் என்பதால், மனுவை மாசி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். அந்த நடைபாதையில் பாலாமையை மறுபடியும் கண்டால் தொடாமல், தலையும் மேல் ஓடும் தெரியும்படி இரண்டு படங்கள் எடுத்து, தேதியையும் இடத்தையும் குறித்து மனுவோடு இணையுங்கள்.